ஏறாது என்று எழுதிக் கொடுத்தவள்

8 நவம்பர் 2021

காலையிலிருந்து மழை. சேலம் ஐந்து ரோடு முழுக்கத் தண்ணீர். எங்கள் அலுவலகத்தில் மட்டும் குடிக்கத் தண்ணீர் இல்லை. கேன் போடுகிறவர் வரவில்லை. வாசலில் 'கூட்டுக் குடிநீர்த் திட்டம்' என்று பெரிய பலகை. யாரும் சிரிக்கக்கூட இல்லை, பழகிவிட்டது.

மதியம் திட்ட இயக்குநர் இளஞ்செழியன் சார் கூப்பிட்டார். கையில் வெளிநாட்டு வங்கியின் கடிதம். இந்தத் திட்டத்துக்காக மாநில அரசு அவர்களிடம் வாங்கியிருக்கும் கடன் ஐந்நூறு கோடி. அதற்கு மாறும் வட்டி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உலகச் சந்தையைப் பார்த்து ஏறும், இறங்கும். வேண்டுமானால் இப்போதே நிலையான வட்டியாக மாற்றிக்கொள்ளலாமாம். இப்போது கட்டுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. நிலையாக்கினால் இரண்டரை.

"பைப்புன்னா நான், வட்டின்னா நீங்க மேடம். ஒரு நோட் போட்டுக் குடுங்க" என்றார்.

தலைமைச் செயலகம், நிதித் துறை, கடன் பிரிவில் பதினான்கு வருஷம். அத்தாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காகச் சேலத்துக்கு மாற்றல் கேட்டு வந்தவள். இந்த ஊரில் என்னைவிட்டால் இதற்கு யார்? என்று நினைத்துக்கொண்டே மாடிப்படி இறங்கினேன். கடைசிப் படியில் வழுக்கியது. விழவில்லை.

10 நவம்பர்

குறிப்பு எழுத உட்கார்ந்ததும் ஒரு சின்ன சந்தேகம்.

சென்னையில் நான் பார்த்ததெல்லாம் மாநில அரசின் கடன் பத்திரங்கள். ஏலம் முடிந்த அன்றே வட்டி தீர்மானமாகிவிடும், முதிர்வு வரை அசையாது. கடைசி நாளில் அசல் முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். அந்த ஒரு நாளுக்குப் பயந்துதான் ரிசர்வ் வங்கியில் தனி நிதியாகக் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைப்பது. கல்லூரியில் அதற்கு 'மூழ்கும் நிதி' என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மூழ்கும் என்று பெயர் வைத்தால் யாருக்குப் பணம் போட மனசு வரும்?

ஆக, நிலையான வட்டியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் மாறும் வட்டியைப் பற்றித் தீர்ப்பு எழுதப் போகிறேன். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவளிடம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் லாரியின் சாவியைக் கொடுத்த மாதிரி. ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டேன்.

13 நவம்பர்

முடித்துவிட்டேன். பதினோரு பக்கம், மூன்று வரைபடம். மாற்ற வேண்டாம், மாறும் வட்டியிலேயே இருப்போம் என்பது பரிந்துரை. ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: "அண்மை எதிர்காலத்தில் வட்டி விகிதம் குறிப்பிடத்தக்க அளவில் உயர்வதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை." மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன். அச்சில் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

அத்தாவிடம் சொன்னேன். அத்தா நசுருல்லாவுக்குக் கடைவீதியில் பிளாஸ்டிக் குடம் மொத்த வியாபாரம். வாழ்க்கையில் வட்டிக்கு வாங்கியதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. பள்ளிவாசலில் யாராவது மகளுக்கு என்ன வேலை என்று கேட்டால் "தண்ணி ஆபீசுல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

"ஏறாதுன்னு எழுதிட்டியா? நல்லது, நல்லது" என்றார். பிறகு, "எது ஏறாது?" என்று கேட்டார்.

29 டிசம்பர்

குறிப்பு சென்னை போய், டெல்லி போய், ஒப்புதலோடு வந்துவிட்டது. இளஞ்செழியன் சார் அலுவலகத்துக்கே பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். "வருஷத்துக்கு எட்டுக் கோடி மிச்சம் மேடம், உங்களால."

எட்டுக் கோடியை மிச்சப்படுத்தியவள் வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோக்காரரிடம் இருபது ரூபாய்க்குச் சண்டை போட்டேன்.

16 மார்ச் 2022

நேற்றுத் தவணை கட்டினோம். அரையாண்டு வட்டி இரண்டேகால் கோடி. அசல் கட்டுவதற்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. கடன் தீர்வு நிதியில் மீதி இருபத்திரண்டு கோடி. ஊராட்சி, நகராட்சி எல்லாம் வசூலிக்கும் தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த நிதிக்கு வரும். தவணையை அதிலிருந்துதான் எடுப்போம். வேறு எதற்கும் தொடக்கூடாது என்பது கடன் ஒப்பந்தத்தின் விதி. அதைக் காவல் காப்பது நான். நியமன ஆணையில் 'நிதி அலுவலர்' என்று போட்டிருக்கும், உண்மையில் வாட்ச்மேன்.

7 ஏப்ரல்

திட்டத்து ஊர்களில் புதிதாகத் தேர்வான நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களோடு முதல் கூட்டம்.

பெரிய நகராட்சியின் தலைவர் கந்தவேல். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். சிரித்த முகம், எல்லோருக்கும் தன் செலவில் இளநீர். குழாயின் கடைசிக் கோடியில், ஜலகண்டாபுரத்துக்கும் அப்பால் இருக்கும் கரட்டுப்புதூர் பேரூராட்சிக்கு ஆராயி என்று ஓர் அம்மா. ஐம்பது வயதிருக்கும். கணவருக்கு நான்கு விசைத்தறி. கூட்டம் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "எங்கூருக்குத் தண்ணி எப்பங்க வரும்?"

"அடுத்த வருஷம் ஜூன்" என்றார் இளஞ்செழியன் சார்.

"எழுதிக் குடுப்பீங்ளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதிக் கொடுப்பதில் கெட்டிக்காரி நான் அல்லவா.

26 ஏப்ரல்

இன்று ஒரு காரியம் செய்தேன்.

கந்தவேலும் இன்னும் இரண்டு ஊர்த் தலைவர்களும் வந்தார்கள். ஊர் எல்லையில் நுழைவு வளைவு, நீரூற்று, விளக்குக் கம்பங்கள், தொடக்க விழா என்று மூன்று ஊருக்கும் சேர்த்து ஒன்பது கோடி வேண்டுமாம். கடன் தீர்வு நிதி சும்மாதானே வங்கியில் கிடக்கிறது?

"சும்மா கிடக்கிறதுதான் அதோட வேலைங்க" என்றேன். நல்ல பதில். ஆனால் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மேடம், நீங்கதானே வட்டி ஏறாதுன்னு சொன்னீங்க? அப்ப இவ்வளவு பணம் எதுக்கு?" என்றார் இளஞ்செழியன் சார். கெட்ட மனிதர் இல்லை. தொடக்க விழா என்றால் மட்டும் அவருக்குக் குழந்தையின் முகம் வந்துவிடும். "தற்காலிகமா எடுத்துக்கட்டும். ஆறு மாசத்துல திருப்பிடுவாங்க."

அரசுத் தமிழில் 'தற்காலிகம்' என்பது நிரந்தரத்தின் செல்லப்பெயர். அது தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். 'ஆறு மாதத்துக்குள் திருப்பிச் செலுத்தப்பட வேண்டும்' என்று சிவப்பு மையில் எழுதினேன். சிவப்பு மை! என்ன வீரம்.

16 ஜூன்

அமெரிக்காவில் வட்டியை ஒரே தடவையில் முக்கால் சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள். ஏழாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். வாக்கியம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

28 ஜூலை

மறுபடியும் முக்கால்.

22 செப்டம்பர்

மறுபடியும். போன வாரம் கட்டிய தவணை நான்கு கோடி. அடுத்தது பத்தரை என்று வங்கியிலிருந்து மின்னஞ்சல். 'அண்மை எதிர்காலம்' என்றால் எவ்வளவு நாள் என்று எந்த அகராதியிலாவது இருக்கிறதா? இருந்தால் நானும் மண் ஒட்டாமல் தப்பிக்கலாம்.

அம்மா கேட்டாள்: "ஏன் ரெண்டு நாளா சாப்பாட்டைத் தள்ளி வைக்கிற?" அம்மா ஷஹர்பானு எதையும் நேராகக் கேட்பவள்.

"அமெரிக்காவுல வட்டி ஏறிடுச்சும்மா."

"அமெரிக்காவுல ஏறினா இங்க ஏன் குழம்பு ஆறணும்?"

ஐந்நூறு கோடி வந்த வழியை விளக்கினேன். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, தட்டைக் கொண்டா, சுட வைக்கிறேன்" என்றாள்.

4 நவம்பர்

கந்தவேலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். பதிலாக நுழைவு வளைவுத் திறப்பு விழா அழைப்பிதழ் வந்தது. என் பெயர் கீழிருந்து மூன்றாவது வரியில். பதவி தப்பு: 'நீதி அலுவலர்.'

12 நவம்பர்

விழாவுக்குப் போனேன். நீரூற்று உயரமாகத்தான் அடிக்கிறது.

17 மார்ச் 2023

பத்தரைக் கோடி கட்டியாகிவிட்டது. நிதியில் மிச்சம் நாலரை. செப்டம்பர் தவணை பதினாலேகால் கோடியாம். அதற்குள் மூன்று கோடி வசூலாகும். அத்தா கடையில் குடத்தை எண்ணுவதுபோல் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தேன். கால்குலேட்டரிலும் பார்த்தேன். இரண்டும் ஒரே பதிலைச் சொல்கின்றன. ஆறே முக்கால் குறைகிறது. அந்த ஒன்பது கோடி இருந்திருந்தால் குறையாது.

20 ஏப்ரல்

சென்னையிலிருந்து வாய்மொழி உத்தரவு: செப்டம்பர் தவணைக்கு வழி தெரியும்வரை புதிய வேலைகளுக்குப் பணம் விடுவிக்காதே. அப்படியென்றால் எது நிற்கும்? இன்னும் முடியாமல் இருப்பது ஒன்றுதான். கரட்டுப்புதூர் போகும் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

நிறுத்தச் சொல்லிக் கடிதம் தயாரித்தது நான். எனக்குக் கடிதம் நன்றாக வரும்.

9 மே

இளஞ்செழியன் சார் களஆய்வுக்குப் போகச் சொன்னார். அவர் போக வேண்டியது. "உங்களுக்கு லேடீஸ் லேடீஸ் பேசிக்க வசதி" என்றார்.

இளம்பிள்ளை தாண்டி, ஜலகண்டாபுரம் தாண்டிப் போனோம். சாலையோரம் கறுப்புக் குழாய்கள் அடுக்கியபடியே கிடக்கின்றன. ஒன்றுக்குள் ஆடு குட்டி போட்டிருந்தது. கரட்டுப்புதூரில் டேங்கர் லாரி நின்றுகொண்டிருந்தது. குடம் பத்து ரூபாய். வரிசையில் நூறு குடமாவது இருக்கும். முக்கால்வாசியில் எங்கள் அத்தா கடையின் முத்திரை. என் குறிப்பால் யாருக்கும் லாபமில்லை என்று இனி சொல்ல முடியாது.

ஆராயி அம்மா தறிச் சத்தத்துக்கு நடுவிலிருந்து வெளியே வந்தார். கோபிப்பார் என்று தயாராகப் போயிருந்தேன். கோபிக்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"குடிங்க அம்மணி. லாரித் தண்ணிதான். காசு குடுத்து வாங்குனது, சுத்தமா இருக்கும்."

குடித்தேன். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"வேலை ஏனுங்க நின்னு போச்சு?"

மாறும் வட்டி, நிலையான வட்டி, நிதி, தவணை எல்லாம் சொன்னேன். தலைமைச் செயலகத்துக் குறிப்பு மாதிரி ஒழுங்காகச் சொன்னேன். அவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. ஒவ்வொரு ஊட்லயும் மாசம் தொள்ளாயிரம் ரூவா தண்ணிக்குப் போகுது. தறி ஓட்டுற கூலியில அது எத்தனை நாளுன்னு உங்களுக்குத் தெரியுங்ளா? எங்கூருக்குத் தண்ணி வருமா, வராதா? அதைச் சொல்லுங்க."

"வரும்"னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்? என்னத்தைக் கையில வச்சுக்கிட்டுச் சொன்னேன்? வண்டில ஏறினதும் அழுகை வந்துடுச்சு. டிரைவர் பாட்டைக் கூட்டி வச்சார், நல்ல மனுஷன்.

21 ஜூன்

தணிக்கைக் குழு. அதில் ஓர் இளம் பெண் ஏழாம் பக்கத்துக்கு வந்ததும், "இந்த வாக்கியம் யாரு எழுதினது?" என்றார். சத்தமாக வாசித்தும் காட்டினார். உச்சரிப்பு திருத்தமாக இருந்தது. 'தென்படவில்லை' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார்.

அலுவலகத்தில் எல்லோரும் அவரவர் மேசையை உற்றுப் பார்த்தார்கள்.

18 செப்டம்பர்

தவணை கட்டியாகிவிட்டது. குறைந்த பணத்தைச் சென்னை முன்பணமாகக் கொடுத்தது. கூடவே எனக்கு ஓர் உறையும் வந்தது: பதினேழு பி. ஒழுங்கு நடவடிக்கை. ஏன் நிதியிலிருந்து ஒன்பது கோடி எடுக்க இசைந்தீர், விளக்கம் தருக. வட்டி ஏறியதற்குக்கூட அல்ல, கையெழுத்துக்கு. நியாயம்தான். வட்டியை ஏற்றியது நானில்லை. கையெழுத்துப் போட்டது நான்தான். சிவப்பு மையில்.

இந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்காது. அம்மா உறையைப் பார்த்து, "பிரமோஷனா?" என்றாள்.

"பக்கத்துலதாம்மா" என்றேன்.

6 அக்டோபர்

வங்கியிலிருந்து மறுபடியும் கடிதம். இப்போதாவது நிலையான வட்டிக்கு மாறுகிறீர்களா? மாறும் வட்டி ஆறைத் தொட்டுவிட்டது. நிலையாக்கினால் ஐந்தேகால்.

அலுவலகமே ஒரே குரலில் சொல்கிறது: மாற்றிவிடு, முழுவதையும் மாற்றிவிடு. இளஞ்செழியன் சார் எரிந்து விழுந்தார்: "இந்தத் தடவை ஒரு பக்கம் போதும் மேடம். மாத்தலாம்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். போன தடவை மாதிரி ஆராய்ச்சியெல்லாம் வேணாம்."

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஏற்றத்தின் உச்சியில் நின்றுகொண்டு இன்னும் பதினெட்டு வருஷத்துக்கு இதே வட்டி என்று கட்டிப்போடுவதா? நாளைக்கு இறங்கினால்? இறங்காமல் இன்னும் ஏறினால்? இறங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எனக்குத் தோன்றுவதற்கு இந்த மாவட்டத்தில் என்ன மதிப்பு?

9 அக்டோபர்

பாதி.

பாதிக் கடனை நிலையாக்குவது, பாதியை மாறும் வட்டியிலேயே விடுவது. எந்தப் பக்கம் பிசகினாலும் பாதிதான் பிசகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம், ஒரு பதினேழு பி.

கூடவே இரண்டு விதி. ஒன்று, நிதியில் எப்போதும் ஒரு வருஷத் தவணைக்கான பணம் இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருக்கும்போது யார் கேட்டாலும், நானே கேட்டாலும், எடுக்க முடியாது. இரண்டு, எடுத்த ஒன்பது கோடியை மூன்று ஊருக்கும் மாதாமாதம் வரும் அரசு மானியத்தில் பிடித்தம் செய்வது. அது வரவர கரட்டுப்புதூர்க் குழாய்க்குப் பணம் விடுவது.

இரண்டரைப் பக்கம். வரைபடம் இல்லை. எதிர்காலத்தைப் பற்றி ஒரு வரி எழுதினேன்: "வட்டி எந்தத் திசையில் போகும் என்று இந்த அலுவலகத்துக்குத் தெரியாது."

இளஞ்செழியன் சார் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "இப்படி எழுதி மேல அனுப்பினா நம்மளை என்ன நினைப்பாங்க?"

"தெரியாதவங்கன்னு நினைப்பாங்க சார். சரிதானே?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். தலைவர்கள் ஒத்துக்கொண்டால் அனுப்பலாம் என்றார். ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

27 அக்டோபர்

கூட்டம். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

பிடித்தம் என்றதும் கந்தவேல் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "ஏனுங் மேடம், ஏறாதுன்னு சொன்னது நீங்க. ஏறுனதுக்கு நாங்க கட்டணுமாக்கும்? எம்பட்டறைக் கடனுக்கே வட்டி ஏறி முழி பிதுங்குதுங்க."

"ஏறினதுக்கு இல்லீங்க, எடுத்ததுக்கு" என்றேன். குரல் இந்தத் தடவை எனக்குக் கேட்டது.

"மானியத்துல பிடிச்சா துப்புரவுப் பணியாளருக்கு எதுல சம்பளம் போடறது?" என்றார் அடுத்த ஊர்த் தலைவர். அது நியாயமான கேள்வி. ஒரே வருஷத்தில் வேண்டாம், மூன்று வருஷமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றேன். அப்படியும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இளஞ்செழியன் சார் கோப்பை மூடப்போனார்.

அப்போது ஆராயி அம்மா எழுந்தார். நிதானமாகத்தான் ஆரம்பித்தார்.

"தலைவரே, உங்கூரு வளைவுல நீரூத்து பாத்தேனுங்க. நல்லா பீச்சுதுங்க. எம்பேரன்கூட போட்டோ புடிச்சான்."

கந்தவேல் சந்தேகமாகத் தலையாட்டினார்.

"அது எங்கூட்டுத் தண்ணிங்க. ஒண்ணு செய்யறேன். திங்கக்கிழமை காலம்பற எங்கூருப் பொம்பளைங்க அத்தனை பேரும் ரெண்டு பஸ்ஸைப் புடிச்சு வாரோம். கத்த மாட்டோம், மறியல் பண்ண மாட்டோம். உங்க நீரூத்துல வரிசையா நின்னு கொடத்துல புடிச்சுக்கிட்டு, உங்களுக்கு ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிர்றோம். டிவிக்காரங்க மட்டும் வந்தா போதுமுங்க."

யாரோ இருமினார்கள். அந்த நூறு குடங்களும் வரிசையாக எனக்குக் கண்ணில் தெரிந்தன.

கந்தவேல் சிரித்துவிட்டார், கெட்டிக்காரர், தோற்கும்போது சிரிக்கத் தெரிந்தவர். "மூணு வருசம்னா பாக்கலாமுங்க. ஆனா வட்டி போடக்கூடாது."

"போடமாட்டோம்" என்றேன். வட்டியில்லாமல் கடனை வசூலிக்கிறேன் என்று அத்தாவிடம் சொன்னால் முதல்முறையாகப் பள்ளிவாசலில் போய்ச் சொல்லுவார்.

வெளியே வந்ததும் ஆராயி அம்மாவுக்கு நன்றி சொன்னேன். "உங்களுக்காகச் செய்யலீங்க அம்மணி" என்றார். "நீங்க வரும்னு சொன்னீங்க. அதுக்கு ஒரு வழியும் வச்சுக்காம சொன்னீங்கன்னு அன்னிக்கே தெரியும். மூஞ்சில எழுதியிருந்துச்சு."

11 மார்ச் 2024

பாதிக்கு ஒப்புதல் வந்துவிட்டது. நிதி நிரம்பும்வரை தவணையை அரசே கட்டும், பதிலுக்குத் தண்ணீர்க் கட்டணத்தை ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. வாட்ஸ்அப்பில் என் புகைப்படம் சுற்றுகிறது. கீழே எழுதியிருப்பதை அம்மாவிடம் காட்டவில்லை. புகைப்படம் நன்றாக விழுந்திருக்கிறது.

30 ஜூலை

பதினேழு பி முடிந்தது. எச்சரிக்கையோடு கைவிடப்பட்டது. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் இப்போது துணைச் செயலாளர்கள். நான் எச்சரிக்கப்பட்டவள். சந்தோஷத்துக்கு அத்தா பிரியாணி வாங்கிவரச் சொன்னார். எதற்குச் சந்தோஷம் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. சாப்பிட்டோம்.

19 செப்டம்பர்

அமெரிக்காவில் வட்டியை அரை சதவீதம் இறக்கிவிட்டார்கள். காலையிலேயே இளஞ்செழியன் சார்: "பாருங்க மேடம், இறங்குது. பாதியை ஏன் நிலையாக்கினோம்? அவசரப்பட்டுட்டோமோ?"

'நோம்' என்று அவரும் சேர்ந்துகொண்டது ஆறுதல்.

கரட்டுப்புதூர் வேலை மறுபடி தொடங்கியது. குழாய்க்குள்ளிருந்து ஆடுகளை வெளியேற்ற அரை நாள் ஆனது என்று ஒப்பந்ததாரர் சொன்னார்.

30 ஏப்ரல் 2025

இளஞ்செழியன் சார் ஓய்வு பெற்றார். என்னிடம் தனியாக, "அந்தத் 'தெரியாது' வரியை நான் எழுதியிருக்கணும்" என்றார். பிறகு அவர் வேட்டி சட்டையில் நிற்க, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம்.

16 செப்டம்பர்

தவணை கட்டியாயிற்று. நிதியில் ஒரு வருஷத்துக்கான பணம் இருக்கிறது. புதிய இயக்குநர் பொறுப்பேற்ற வாரமே கேட்டார்: "இவ்வளவு பணம் சும்மா கிடக்குதே?" விதியைக் காட்டினேன். யார் எழுதிய விதி என்றார். முந்தைய நிர்வாகம் என்றேன்.

3 நவம்பர்

கரட்டுப்புதூரில் தண்ணீர் வந்துவிட்டது. விழா இல்லை, மழை, பந்தல் போட முடியவில்லை. பொறியாளர் செல்பேசியில் படம் அனுப்பினார். ஒரு குழாய், அதன் கீழே ஒரு குடம், பக்கத்தில் யாரோ ஒருவரின் கால். ஆராயி அம்மாவிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. காத்திருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. காத்திருந்தேன்.

8 டிசம்பர்

காலையில் ஆராயி அம்மாவின் அழைப்பு. எடுத்ததுமே சத்தம்.

"ஏனுங்க அம்மணி, தண்ணி வந்து முழுசா ஒரு மாசம் ஆச்சோ இல்லியோ, அதுக்குள்ள பில்லா? ஊரே எங்கூட்டு வாசல்ல நிக்குது!"

"பில்லுதாங்க தலைவரம்மா."

"நூத்தி எண்பது ரூவா!"

"ஆமாங்க."

"கொஞ்சம் கொறைக்கக் கூடாதுங்ளா?"

"முடியாதுங்க."

அந்தப் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே குரல் இறங்கியது.

"அதானே பாத்தேன்" என்றார். "எங்கூட்டுக்கு நேத்தே கட்டிட்டேனுங்க, ரசீது இன்னும் வரல. சீக்கிரம் போடச் சொல்லுங்க, இங்க எல்லாருக்கும் காட்டோணும்."